பவர் இல்லாத கண்ணாடி

சாமு,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. பசை தீர்ந்துபோய்விட்டது என்று நினைக்காதே. ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய எதுவும் இதில் இல்லை என்பதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறேன். நாளைக்கு உன் அப்பா கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு பெங்களூர் வருகிறார், அந்தப் பையிலேயே இதையும் வைத்து அனுப்புகிறேன். தடிமனைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கடுதாசியா இல்ல பாஸ்டர் பிரசங்கமா?" என்று கேட்டார். போனில் சொல்ல வேண்டியதுதானே, எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று நீயும் கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? "சரிமா, சரிமா, அப்பால பேசறேன்மா" என்று வெட்டிவிட்டுப் போய்விடுவாய். எழுத்துக்கும் உனக்கும் ஆகாது என்று தெரிந்தேதான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும், கடைசி வரைக்கும் வா. ஏன் எழுதினேன் என்று அங்கே சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பியூலா நம் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த மாதம் இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள், சேர் போட்டு உட்காரவைத்தால் உட்கார மாட்டேன் என்கிறாள். நேராக அடுப்படிக்கு வந்து பூண்டு உரிக்க ஆரம்பித்துவிட்டாள். உரித்துக்கொண்டே, "அத்தே, அவருக்குப் பவர் எவ்ளோ?" என்றாள். "எந்தப் பவர்மா, கரண்டா?" என்றேன். "போங்க அத்தே! கண்ணாடி பவர். மொத தடவ எங்க வீட்டுக்கு வந்தப்ப, ஜெபத்துல அப்பா அவர ஒரு வசனம் படிக்கச் சொன்னாங்க. கண்ணாடி எடுத்துகினு வரலன்னாரு. அடுத்த தடவ கண்ணாடி போட்டுகினுதான் வந்தாரு, ஆனா தலவலின்னு படிக்கல. பவர் மாறிப்போச்சோ என்னவோ. நல்லதா ஒரு ஃபிரேம் வாங்கித் தரலாம்னு பாக்கறேன்" என்றாள். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. "எனக்குத் தெரிலமா, அவனையே கேளு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, வெந்துபோன சாம்பாரை இன்னும் கொஞ்ச நேரம் கிண்டினேன். அவள் விடவில்லை. கல்யாணம் முடிந்து மறுவீடு வரும்போது புது மாப்பிள்ளைதான் ஜெபத்தில் முதல் வசனம் வாசிக்க வேண்டுமாம், அது அவர்கள் வீட்டு வழக்கமாம். "அப்பா இப்பவே எந்த எடம்னு தேடிகினு இருக்காரு அத்தே" என்று சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வெள்ளைச் சிரிப்பு!

அவள் போனதும் உனக்குப் போன் போட்டேன். நீயும் சிரித்தாய். "பிளெய்ன் கிளாஸ்மா. மெஜஸ்டிக்ல பிளாட்பாரத்துல வாங்கனேன். எப்படி கீது? இன்ஜினியர் மாதிரி இல்ல?" என்றாய். அவளிடம் சொல்லிவிடேன்டா என்றேன். உன் சிரிப்பு நின்றது. "வேணாம்மா. நீ எதையும் உளறி வைக்காத. அவ டீச்சர்மா" என்றாய். கோலாரில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதை நீ சொன்ன குரல் இருபத்தேழு வயதுக்காரன் குரலாக இல்லை. அது எனக்குத் தெரிந்த பழைய குரல். பதினைந்து வயதில் நீ அந்தக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தாய், பிறகு அதிலும் பேசாமல் போனாய்.

உனக்கு என் வேலை முழுதாகத் தெரியாது. "அம்மா பெங்களூர்ல ஒரு ஆபீஸ்ல டைப் அடிக்கறாங்க" என்று பியூலா வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாய். அதுவும் சரிதான். ராபர்ட்சன்பேட்டை வக்கீல் ஆபீஸில் பத்திரம் அடித்த அதே விரல்கள்தான். ஆனால் இப்போது அடிப்பது பத்திரம் இல்லை. ஒரு டாக்டரம்மாவும் அவருடைய ஆட்களும் ஓர் ஆராய்ச்சி செய்கிறார்கள். சின்ன வயதில் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் பதின்வயதுக்கு வரும்போது அவர்கள் மனசு என்ன ஆகிறது, சிலர் ஏன் அப்படியே சோர்ந்து இருட்டிப் போகிறார்கள், சிலர் ஏன் தப்பித்துக்கொள்கிறார்கள் என்று தேடுகிறார்கள். பிள்ளைகளிடமும் பெற்றவர்களிடமும் உட்கார்ந்து பேசி, அதை ரெக்கார்டு செய்து கொண்டுவருவார்கள். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திட்டி, தெலுங்கில் முடிக்கிற நம் பக்கத்துப் பேச்சை அடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, என்னை எடுத்துக்கொண்டார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டதைக் கேட்டபடி அடிக்க வேண்டும். எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் எந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று உனக்குச் சொல்ல மாட்டேன், உன் அப்பா எத்தனை தடவை கிளறிக் கேட்டாலும் அவருக்கும் சொன்னதில்லை.

ஆனால் மௌனத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அந்த வேலையில் ஒரு முறை இருக்கிறது. பேச்சை மட்டும் அடித்தால் போதாது. பேசுகிறவர் நிறுத்திவிட்டால் அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு உள்ளே "மௌனம்" என்று அடிக்க வேண்டும். சேர்ந்த புதிதில் நான் அதையெல்லாம் விட்டுவிட்டேன். ஒன்றும் பேசாத இடத்தில் அடிக்க என்ன இருக்கிறது? டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேகமா யாரும் பேசலையேம்மா, நடுவுல இருந்ததெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்து, திரும்ப முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். இருந்தது, சாமு. கேள்வி கேட்டு முடிந்த பிறகு ஃபேன் ஓடுகிற சத்தம். எங்கேயோ குக்கர் விசில். ஒரு பிள்ளை மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு சொல்லலாமா வேண்டாமா என்று நிற்கிறது. அதற்குள் பக்கத்தில் இருக்கிற அம்மாக்காரி புகுந்து, பதிலை அவளே சொல்லிவிடுகிறாள். எந்த வீடு என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. அந்த அம்மாக்காரியின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். சும்மா இருடி, புள்ள பேசட்டும் என்று ஹெட்போனுக்குள்ளேயே அவளைத் திட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் அது என் குரல் மாதிரியே எனக்குக் கேட்டது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

காலை ரயிலில் அந்த மௌனங்கள் என்னுடன் வருகின்றன. ஊரிகம் ஸ்டேஷனில் ஏறி ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் எனக்குக் கண் சொருகிவிடும். முழுத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. பனிக்குள்ளே, தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய சைனைடு மேடுகள் வெள்ளையாகத் தெரியும், அடியில் தரை தெரியாது, மேடு மட்டும் சும்மா அந்தரத்தில் நிற்கும். பக்கத்தில் யாரோ கன்னடத்தில் மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள், எதிரே யாரோ சத்தமில்லாமல் ஜெபம் செய்வார்கள். அந்த நேரத்தில்தான் நீ வருவாய். ஆறு வயது, முழங்காலில் சிராய்ப்பு, மடியில் சிலேட்டு. சிலேட்டிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கி, சீட்டின் மேல் நடந்து, ஜன்னல் கம்பியில் ஏறி வெளியே போகும். நீ பயப்பட மாட்டாய். "போ, போ, பாத்துப் போ" என்று அவற்றை அனுப்பி வைப்பாய். நானும் பிடி, பிடி என்று கத்த மாட்டேன். பங்காரப்பேட்டையில் டீக்காரன் குரலுக்கு முழித்துக்கொள்வேன். முழித்த பிறகும் அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நிஜத்தில் நான் கத்தினேன். "எழுத்தெல்லாம் நெளியுதும்மா" என்று நீ சொன்னபோது, நெளிவது நீதான் என்று முதுகில் ஒன்று வைத்தேன். சர்ச்சில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம், மளிகைக்கடையில் தெலுங்கு. நம் லைன் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள், உனக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "பாஷ ஜாஸ்தியாயி பையன் மண்டக்குள்ள முட்டிகினு நிக்குது. மத்தத நிறுத்திட்டு வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று படித்த ஒருவர் சொல்ல, நானும் உன் அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டோம். நமக்கு வருகிற இங்கிலீஷ் என்ன என்று யோசித்தோமா? உன் அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் பழகிய மைன்ஸ் இங்கிலீஷ்தான் தெரியும். மைன்ஸை மூடிய பிறகும் அது அவர் வாயை விட்டுப் போகவில்லை. "சன், ஃபர்ஸ்ட் ஷிப்ட்!" என்றால் நீ புத்தகத்தை எடுக்க வேண்டும். "கேஜ் டவுன்!" என்றால், சுரங்கத்துக்குள் ஆள் கூண்டு இறங்குகிற மாதிரி, பாயைப் போட வேண்டும். எனக்கு அதுவும் இல்லை. ஈட், பாத், ஸ்டடி, டோன்ட். டோன்ட் என்பதற்கு அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் டோன்டோடு நிறுத்திவிடுவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் உனக்குச் சொல்ல என்னிடம் இருந்த கதை, கேலி, கொஞ்சல் எல்லாம் தமிழில் இருந்தது. ஸ்கூலில் என்ன நடந்தது என்று நீ சொல்ல நினைத்ததும் தமிழில்தான் இருந்தது. "இங்கிலீஷ், இங்கிலீஷ்" என்று உன் வாயை அடைத்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் உத்தரவு இருந்தது, பேச்சு இல்லை. வீட்டுமொழி பேசுவதால் எந்தப் பிள்ளைக்கும் இந்தத் திணறல் வராது என்று இப்போது டாக்டரம்மா சொல்கிறார். அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை.

கோலாருக்குக் கண் டாக்டரிடம் போனது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு மறந்திருக்காது. எழுத்துப் பலகையைப் பார்த்ததும் நீ உறைந்துபோய் நின்றாய். அவர் நல்ல மனுஷன், அதைத் திருப்பிவிட்டு வேறொன்றை மாட்டினார், கோடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டச் சொன்னார். மேலே, கீழே, இடது, வலது என்று கடைசி வரிசை வரைக்கும் நீ காட்டினாய். உன் முகத்தில் அப்படியொரு பெருமை. "கண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும்மா. கழுகுக் கண்ணு" என்றார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் உன் தோளைப் பிடித்து உலுக்கி, "கண்ணு நல்லாத்தானே கீது? அப்பால படிக்க இன்னா கேடு உனக்கு?" என்று கேட்டேன். நீ உன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த டாக்டர் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தால் நீ எவ்வளவு நிம்மதியாக வீடு வந்திருப்பாய்! கண் கெட்ட பிள்ளையை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. இத்தனை வருஷம் கழித்து நீயே ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாய். மெஜஸ்டிக்கில் நீ பேரம் பேசி அதை வாங்குகிற காட்சி எனக்குக் கண்ணெதிரே நிற்கிறது.

பிறகு அந்த ஜெபம். நம் வீட்டிலும் சாயங்காலம் புத்தகம் கைமாறி வரும், ஆளுக்கொரு வசனம். நீ மத்தியானமே என் பின்னாலே சுற்றிக்கொண்டு, "மா, இன்னிக்கு எந்த எடம்? ஒருவாட்டி படிச்சுக் காட்டு" என்பாய். பிள்ளைக்கு என்ன பக்தி என்று நான் பூரித்துப் போவேன். ஒரு தடவை கேட்டால் போதும், உனக்கு மனப்பாடம். சாயங்காலம் விரலை வரியின் மேல் ஓட்டிக்கொண்டே கணீரென்று சொல்லிவிடுவாய். எத்தனை வருஷம் அப்படி ஓட்டினாயோ! உனக்குப் பதினைந்து வயதில் வேலூரிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்திருந்தது. சமையல் அவசரத்தில் அன்றைக்கு நான் உனக்கு வாசித்துக் காட்டவில்லை, அவரும் வேறொரு இடத்தைத் திறந்தார். புத்தகம் உன் கைக்கு வந்தது. நீ விரலை வைத்து, கணீரென்று, முந்தின நாள் வசனத்தைச் சொன்னாய். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பெரியப்பா, "டேய், அது நேத்து சாப்பாடுடா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சாமு. சிரித்துக்கொண்டே உன்னைப் பார்த்தேன், நீயும் சிரித்தாய். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் ஜெபத்துக்குத் தலைவலி என்றாய். அதற்கு மறுநாளும். பிறகு சாப்பாடு பாதியில் நின்றது. ஃபுட்பால் மூலையில் காற்றுப் போய்க் கிடந்தது, பையன்கள் வாசலில் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கூப்பிடுவதையும் விட்டார்கள். பகலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். நான் திமிர் என்றேன். சர்ச்சில் விசுவாசக் குறைவு என்றார்கள். தெருவில் எவளோ ஒருத்தி என்றார்கள். துக்கம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையனுக்குத் துக்கம் வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. சோறு இருக்கிறது, துணி இருக்கிறது, இன்னா துக்கம்?

சாயங்காலமானால் நீ சைனைடு மேட்டில் ஏறிப் போய் உட்கார்ந்துகொள்வாய். காற்றடிக்கிற நாளில் வீட்டிலிருந்து பார்த்தால் மேடு முழுக்கப் புகை மாதிரி வெள்ளைத் தூசி எழும்பும், அதற்குள் நீ இருக்கிறாயா இல்லையா என்றே தெரியாது. உன் அப்பா பின்னாலேயே ஏறிப் போக ஆரம்பித்தார். போய் ஒரு வார்த்தையும் பேச மாட்டாராம். இங்கிலீஷ் தீர்ந்துபோயிருந்தது, தமிழில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டுகிற நேரத்துக்கு உன்னோடு இறங்கி வருவார். எத்தனை சாயங்காலம் அப்படிப் போனதோ. நான் வாசலில் நின்று பார்ப்பேன், மேட்டின் மேல் இரண்டு சின்னப் புள்ளிகள். கீழே ஊரிகம் ரயில் போகும், லைன் வீடுகளில் விளக்கு ஏறும். அந்த வெளிச்சத்தில் அந்த இரண்டு புள்ளியும் காற்றில் கரைந்துவிடும் போல இருக்கும். நான் கண் கொட்டாமல் பார்ப்பேன். கொட்டினால் ஒன்று குறைந்துவிடும் என்று ஒரு பயம்.

ஒருநாள் நீயாகவே, "அப்பா, நான் இல்லன்னா ஜெபம் சீக்கிரம் முடிஞ்சிடும் இல்ல?" என்று கேட்டிருக்கிறாய். அவருக்கு உயிரே போய்விட்டது. உன் கையைப் பிடித்தவர் வீடு வரைக்கும் விடவில்லை. இரண்டு பேரும் தலைமுதல் கால்வரை வெள்ளையாக வாசலில் வந்து நின்றீர்கள், அவர் கன்னத்தில் மட்டும் இரண்டு கோடு தூசி இல்லாமல் இருந்தது. "எனக்குப் படிச்ச புள்ள வேணாம்டி. புள்ள இருந்தா போதும்" என்றார், தமிழில். மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் பெங்களூருக்கு ரயில் ஏறினோம். மனசுக்குப் பார்க்கிற டாக்டர் உன்னிடம் தனியாகப் பேசினார், பல தடவை பேசினார், கொஞ்ச காலம் மாத்திரையும் கொடுத்தார். அவர்தான் ஒரு தடவை பேச்சுவாக்கில் ஒரு பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொல்லி, டிஸ்லெக்சியா என்று கண்டுபிடித்தார். உன் அப்பா வெளியே வந்து, "படிக்கவே கஷ்டப்படறவனுக்கு வர்ற நோவுக்கு இப்படி ஒரு பேரா? எனக்கே நாக்கு சுத்துதே!" என்றார். நோய் இல்லை அப்பா என்று திருத்தினாய் நீ. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் மசால்தோசையை முழுதாகச் சாப்பிட்டாய்.

டாக்டரம்மாவை நான் கேட்டுப் பார்த்தேன், அப்போ இதனால்தான் அது வருகிறதா என்று. அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது என்றார். படிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு வளரும் வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை. திணறல் கொண்டுவருகிறதா, திணறலுக்காக நாம் செய்கிற அவமானம் கொண்டுவருகிறதா, இரண்டுக்கும் வேர் வேறெங்கேயாவது இருக்கிறதா என்றுதான் பிரித்துப் பார்க்கிறார்கள். பிரிக்கட்டும். எனக்கு அவ்வளவு பிள்ளைகளைத் தெரியாது, ஒரு பிள்ளையைத்தான் தெரியும். அவன் ஒளிந்து ஒளிந்தே களைத்துப் போனான். தினம் மத்தியானம் வசனத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், போர்டைப் பார்த்து எழுதுகிற மாதிரி கையை ஆட்ட வேண்டும், பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்கக்கூடாது. ஷிப்ட் முடியாத வேலை அது.

இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறாய். அதுதான் எனக்குப் பயம், வேறு ஒன்றும் இல்லை. போன மாதம் வந்தபோது தட்டில் பாதிச் சோறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். "மெட்ரோல நைட் ஷிப்ட்மா, அசதி" என்றாய். இருக்கலாம். உன் தாத்தாவும் அப்பாவும் பூமிக்குள் இறங்கினார்கள், நீயும் பெங்களூருக்கு அடியில் சுரங்கத்தில் ஃபிட்டராக நிற்கிறாய், அசதி இருக்காதா? ஆனால் அசதிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு தடவை நான் பட்டது போதும். பியூலா என்னிடம் என்ன சொல்கிறாள் தெரியுமா? "அவரு டைப்பே பண்ண மாட்டாரு அத்தே, எப்பவும் வாய்ஸ்லதான் அனுப்புவாரு. என் குரல் உனக்கு, உன் எழுத்து எனக்குன்னு சொல்வாரு" என்கிறாள். அடப்பாவி! அவள் மெனக்கெட்டு எழுதி அனுப்புவதை உன் போன் உனக்கு வாசித்துக் காட்டுகிறதே, அந்தக் கட்டைக் குரலில், நானே கேட்டேன். அவள் ஆசையாக ஒன்று போட்டால் அது "சிவப்பு இதயம், சிவப்பு இதயம், சிவப்பு இதயம்" என்று ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறது. கட்டிக்கொள்ளப் போகிறவள் குரலில் கேட்க வேண்டியதை ஏன்டா அந்த மெஷின் குரலில் கேட்கிறாய்?

டீச்சர் என்று பயப்படாதே. சிவப்புப் பேனா வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் உன்னை அடித்தவர்கள் இல்லை. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கும் எழுத்து நெளியலாம். இது வீட்டு வழியாக வருவதுண்டு என்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்த அம்மாவும், என்ன சொல்லக்கூடாது என்று தெரிந்த அப்பாவும் கிடைத்தால் அதற்கு என்ன குறை? சரி, சொன்ன பிறகு அவள் வேண்டாம் என்றுவிட்டால்? விடட்டும். பத்திரிகை அடித்தாகிவிட்டதே என்று பார்க்காதே, பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டு நானும் உன் அப்பாவும் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். மறைத்துக் கட்டிக்கொண்டு, ஆயுசு முழுக்கத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருக்காதே. கட்டினவளிடமே ஒளிந்தால் அப்புறம் வந்து இளைப்பாற எந்த வீடு இருக்கும்?

இப்போது ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உன் போனால் வாசிக்க முடியாது. டைப் அடிக்கிறவள் வேண்டுமென்றே கையால் கிறுக்கியிருக்கிறேன். அப்பாவின் போனில் படம் பிடித்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன், "சாமு" என்பதை "சாமான்" என்று வாசித்தது, எனக்கு நிம்மதியாகிவிட்டது. அப்பாவுக்குக் கண்ணில் புரை, நீ கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வழிதான் உண்டு. நீயே எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கலாம், கல்யாணம் வரைக்கும் ஆனாலும் ஆகட்டும், அதில் ஒரு வெட்கமும் இல்லை. இல்லையென்றால் நேரே கோலாருக்குப் போய் இதை அவள் கையில் கொடுத்து, "படிச்சுக் காட்டு" என்று சொல். சின்னப் பையனாக என் பின்னாலே சுற்றிக்கொண்டு கேட்டாயே, அதே வார்த்தைதான். நீ சொல்ல வேண்டியது அவ்வளவுதான், மீதியை நான் எழுதிவிட்டேன்.

பியூலா, இந்த வரியை இப்போது நீ வாசித்துக்கொண்டிருந்தால், அம்மா, முதலில் என்னை மன்னித்துக்கொள். அன்றைக்கு அடுப்படியில் உன்னிடம் பொய் சொன்னேன். இவ்வளவு தூரம் வாய் வலிக்க வாசித்தாயே, கொஞ்சம் தண்ணீர் குடி. அவன் எதிரே உட்கார்ந்திருப்பான், ஒன்றும் பேச மாட்டான். நீ டீச்சர், பதில் வராவிட்டால் எடுத்துக்கொடுத்துப் பழகியவள். இப்போது எடுத்துக்கொடுக்காதே. அவன் சும்மா இருக்கிறான் என்று நினைக்காதே, அதுவும் பேச்சில் சேர்த்திதான். நான் காத்திருக்காத இடத்தில் நீ கொஞ்சம் காத்திரு. அப்புறம் அந்தக் கண்ணாடியைக் கழற்றி உன் கையில் வாங்கிக்கொள். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும்.